அயர்லாந்திலிருந்து கப்பலேறிய முன்னோரைத் தேடுவது எப்படி

மெல்போர்னில் இருக்கும் என் அக்கா வீட்டு மருமகள் ஐரிஷ் வம்சாவளி. அவள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த தகவல் ஒரே வரிதான்: "பாட்டனாருக்குப் பாட்டனார் கார்க்கிலிருந்து கப்பலில் வந்தார்." பழைய ஆவணம் என்றால் எனக்குக் கை சும்மா இருக்காது என்று தெரிந்த அக்கா விஷயத்தை என்னிடம் தள்ளிவிட்டாள். நானும் கார்க் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) பதிவேடுகளில் மூன்று வாரம் முங்கிக் கிடந்தேன். அதே பெயரில், அதே வயதில் ஐந்து பேர் கிடைத்தார்கள். ஐவரில் ஒருவர்கூட அவர் இல்லை. கடைசியில் விக்டோரியா மாநிலத்தில் பதிவான அவருடைய இறப்புச் சான்றிதழைக் காசு கட்டி எடுத்துப் பார்த்தால், பிறந்த இடம் கிளேர் என்று வேறொரு கவுண்டியைப் போட்டிருக்கிறது. கார்க் அவர் கப்பலேறிய துறைமுகம், அவ்வளவுதான். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறியவரெல்லாம் மீனம்பாக்கத்துக்காரர் என்று நினைத்துத் தேடிய கதை.

ஐரிஷ் வழி வந்த குடும்பத்தில் சம்பந்தம் செய்தவர்களும், ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் பிறந்தவர்களும் இந்தத் தேடலில் இறங்குவதைப் பார்க்கிறேன். நான் தலைகீழாகச் செய்ததை அவர்களாவது நேராகச் செய்யட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இறங்கிய இடத்தில் தொடங்குங்கள்

1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து தொடங்கிய பஞ்சம் 1852 வரை அயர்லாந்தை உலுக்கியது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அதைவிட அதிகம் பேர் கிளம்பிப் போனார்கள். 1841இல் சுமார் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை பத்தே ஆண்டில் 65 லட்சமாகக் குறைந்தது. பஞ்சம் ஓய்ந்த பிறகும் போவது நிற்கவில்லை. இத்தனை பேர் போனார்களே, ஊரில் ஒரு பட்டியல் இருக்காதா என்று தோன்றும். அநேகமாக இல்லை. போகிறவரிடம் அயர்லாந்து எதுவும் கேட்கவில்லை. போய்ச் சேர்ந்த நாடுதான் கேட்டு எழுதி வைத்தது.

அதனால் ஐரிஷ் இணையதளங்களை இப்போதைக்குத் திறக்காதீர்கள். முதலில் வீட்டைத் துழாவுங்கள்: பைபிளின் முதல் பக்கம், போட்டோவின் பின்பக்கம், யாராவது இறந்தபோது அடித்த நினைவு அட்டை, கடித உறையின் தபால் முத்திரை. அப்புறம் குடும்பத்தில் வயதானவர் யாரோ அவரிடம் உட்காருங்கள். அவர் சொல்லும் கதையை நம்ப வேண்டாம். சொல்லும் பெயர்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அரசுப் பதிவுகள். ஆஸ்திரேலியாவுக்குப் போனவரைத் தேடுகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். விக்டோரியாவில் 1853இலும் நியூ சவுத் வேல்ஸில் 1856இலும் பதிவு தொடங்கியது. அங்குள்ள இறப்புச் சான்றிதழ் ஒரு குடும்ப வரலாறே: அப்பா அம்மா பெயர், பிறந்த இடம், காலனிக்கு வந்து எத்தனை ஆண்டு ஆயிற்று, எங்கே யாரை எந்த வயதில் மணந்தார், பிள்ளைகள் யார் யார். ஆனால் அதைச் சொன்னவர் யார் என்று பாருங்கள். பெற்ற மகன் சொல்லியிருந்தால் ஒரு மதிப்பு. வாடகைக்கு இடம் கொடுத்தவர் சொல்லியிருந்தால் வேறு மதிப்பு. அரசு உதவியுடன் வந்தவர் என்றால் நியூ சவுத் வேல்ஸின் குடியேறிகள் பட்டியலிலும் பெற்றோர் பெயரும் சொந்த ஊரும் இருக்க வாய்ப்புண்டு. கைதியாக நாடு கடத்தப்பட்டவரா? வெட்கப்பட ஒன்றுமில்லை, சந்தோஷப்படுங்கள். கைதியைப் பற்றி அரசு எழுதியதுபோல் ஏழை விவசாயியைப் பற்றி யாரும் எழுதவில்லை. அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் 1791 முதலான நாடுகடத்தல் பதிவுகளை இலவசமாகத் தேடலாம்.

அமெரிக்கா அவ்வளவு தாராளம் இல்லை. 1906 செப்டம்பருக்குப் பிந்தைய குடியுரிமை விண்ணப்பங்களில் பிறந்த ஊர், தேதி, கப்பல் எல்லாம் உண்டு. அதற்கு முந்தியவற்றில் பல "பிரிட்டன் அரசிக்கு இருந்த விசுவாசத்தைத் துறக்கிறேன்" என்பதோடு முடிந்துவிடும். 1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்த ஆண்டைச் சொல்லும், ஊரைச் சொல்லாது. ஆனால் அமெரிக்காவில் இரண்டு புதையல்கள் உண்டு.

ஒன்று, பாஸ்டனில் வெளிவந்த 'பைலட்' என்ற கத்தோலிக்கப் பத்திரிகை. 1831 முதல் 1921 வரை 'காணாமல் போன நண்பர்கள்' என்ற தலைப்பில் விளம்பரங்கள் போட்டது. அண்ணனைத் தேடும் தங்கை, ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாத கணவனைத் தேடும் மனைவி என ஆயிரக்கணக்கானவர்கள் எழுதினார்கள். ஒரே பெயரில் பலர் இருப்பது அவர்களுக்கே தெரியும். அதனால் கவுண்டி, பங்கு (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி), சிற்றூர் என்று பிரித்துப் பிரித்துச் சொன்னார்கள். நமக்கு வேண்டியது அதுதானே. பாஸ்டன் கல்லூரி இவற்றைத் தொகுத்து இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது.

இன்னொன்று, நியூயார்க்கில் 1850இல் தொடங்கிய எமிக்ரன்ட் சேமிப்பு வங்கியின் பேரேடுகள். கணக்கு வைத்தவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பணம் எடுக்க வருபவர் அவர்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இன்று வங்கிக்காரர் தொலைபேசியில் அம்மா பெயர் கேட்பதுபோல் அன்றும் கேட்டு எழுதி வைத்தார்கள்: எந்த ஊர், எந்தக் கப்பல், அப்பா அம்மா உயிரோடு இருக்கிறார்களா, கூடப்பிறந்தவர் எங்கே. மூலப் பேரேடுகள் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன.

மூன்றில் கடினமானது பிரிட்டன்தான். லிவர்பூலுக்கோ கிளாஸ்கோவுக்கோ போவது அன்று வெளிநாட்டுப் பயணமே இல்லை. பயணிகள் பட்டியலும் இல்லை. அங்கே கணக்கெடுத்தவர் பிறந்த இடத்தில் பெரும்பாலும் "அயர்லாந்து" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். கத்தோலிக்கக் கோயில்களின் திருமணப் பதிவேடு, ராணுவப் பதிவு, இவற்றைத்தான் நம்ப வேண்டும்.

எந்த நாடானாலும் ஒன்றை மறக்காதீர்கள்: தேடுபவரின் பக்கத்தில் இருந்தவர்களையும் தேட வேண்டும். முதலில் போனவர் பணம் அனுப்பி அடுத்தவரை இழுப்பார். வளைகுடாவுக்கு ஆள் போன நம் கிராமங்களில் பார்த்ததுதான். உங்கள் ஆளின் சான்றிதழில் ஊர் இல்லாமல் போகலாம். அவர் தங்கையின் சான்றிதழில், கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவரின் கல்லறையில் இருக்கும்.

பெயரைக் கெட்டியாகப் பிடிக்காதீர்கள்

"எங்கள் பெயரில் ஓ கிடையாது" என்று மருமகள் அடித்துச் சொன்னாள். ஓ, மேக் என்ற முன்னொட்டுகள் ஆங்கிலேயர் ஆட்சியில் உதிர்ந்தன. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தேசிய உணர்ச்சி கிளம்பியபோது பலர் மறுபடி ஒட்டிக்கொண்டார்கள். அப்பா சல்லிவன், மகன் ஓசல்லிவன். சில பெயர்கள் ஒலியால் ஆங்கிலமாயின, சில பொருளால். மேக் காவன் என்ற ஐரிஷ் பெயரின் பொருள் கொல்லன் மகன். அது ஒரு வீட்டில் மெக்கவன், அடுத்த வீட்டில் ஸ்மித். நியூயார்க்கில் குடியேறிகளைச் சோதித்து அனுமதித்த எலிஸ் தீவில் இறங்கியபோது அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்பார்கள். அது கட்டுக்கதை. அங்கிருந்த குமாஸ்தா கையில் இருந்தது கப்பலேறிய துறைமுகத்திலேயே எழுதிய பட்டியல். அவர் அதைச் சரிபார்த்தார், அவ்வளவே.

முதல் பெயரிலும் இதே கூத்து. பிரிஜெட் என்பவள் பிட்டி, டீலியா என்றெல்லாம் வருவாள். ஹானோரா, நோரா இரண்டும் ஒன்று. பாதிரியார் லத்தீனில் எழுதியிருந்தால் ஜேம்ஸ் யாக்கோபுஸ் ஆவார், வில்லியம் குலியெல்முஸ் ஆவார்.

நமக்கு உடனே புரியும் ஒரு வழக்கமும் உண்டு. முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். முதல் மகளுக்கு அம்மாவின் அம்மா, இரண்டாம் மகளுக்கு அப்பாவின் அம்மா. பெயரைச் சுமப்பவன் பேரன் என்று நாம் சொல்வதை அவர்கள் வரிசைக்கிரமமாகச் செய்தார்கள். எல்லா வீட்டிலும் அப்படியே நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் குடியேறியவரின் பிள்ளைகளை வயது வரிசையில் எழுதினால் ஊரில் இருந்த தாத்தா பாட்டியின் பெயர் ஓரளவு ஊகிக்கலாம். ஐந்து மர்ஃபிகளில் ஒருவரைப் பொறுக்க அந்த ஊகம் உதவும்.

வயதை ஐந்து வருடம் முன்னும் பின்னும் விட்டுத் தேடுங்கள். பிறந்த நாள் கொண்டாடாதவர்களுக்கு வயது ஒரு தோராயம்.

வேண்டியது டவுன்லேண்ட்

கவுண்டி தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். போதாது. அயர்லாந்தில் 32 கவுண்டிகள். அவற்றுக்குள் பாரனி, பங்கு என்று இறங்கிக் கடைசிப் படியில் டவுன்லேண்ட். பெயரில் டவுன் இருந்தாலும் அது நகரம் இல்லை. சில பத்து வீடுகள், சில இடங்களில் ஒரு வீடுகூட இல்லாத நிலத்துண்டு. தீவு முழுக்க இப்படி 60,000க்கு மேல் இருக்கின்றன. ஆவணங்கள் எல்லாம் இந்த அலகில்தான் அடுக்கியிருக்கின்றன.

நம் ஊர்ப்பெயர்களின் வாலில் பட்டியும் பாளையமும் ஒட்டியிருப்பதுபோல் அங்கே தலையில் ஒட்டியிருக்கும்: பாலி என்றால் ஊர், கில் என்றால் பெரும்பாலும் கோயில், நாக் என்றால் குன்று, டெர்ரி என்றால் ஓக் தோப்பு. ஒரே பெயர் பத்து இடத்தில் வரும். குடும்பக் கதையில் வரும் பெயர் எழுத்துப்பிழையோடுதான் வரும். லோகனெம் என்ற அரசு ஊர்ப்பெயர்த் தளத்தில் போட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, எது ஒலியில் நெருங்குகிறது என்று பாருங்கள்.

ஒரு பொறியும் உண்டு. அரசு நிர்வாகத்துக்கான சிவில் பங்கு வேறு, கத்தோலிக்கப் பங்கு வேறு. எல்லையும் ஒன்றாக இருக்காது, பல இடங்களில் பெயரும் வேறு. நிலப்பதிவு சிவில் பங்கின்படி, ஞானஸ்நானப் பதிவு கத்தோலிக்கப் பங்கின்படி. இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

எரிந்ததும் மிஞ்சியதும்

1922 ஜூன் 30. உள்நாட்டுப் போரில் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகம் வெடித்து, அங்கிருந்த பொது ஆவண அலுவலகம் சாம்பலாயிற்று. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி, உயில்கள், அயர்லாந்து சபை என்ற ஆங்கிலிக்கன் திருச்சபையின் பங்குப் பதிவேடுகளில் ஏறக்குறைய பாதி, எல்லாம் போயின. 1861, 1871 கணக்கெடுப்புகளை அரசே முன்பு அழித்துவிட்டது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப் போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் கூழாயின. நெருப்பைவிட இதுதான் எனக்கு அதிகம் வயிற்றெரிச்சல்.

"எல்லாம் எரிந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தக் கட்டடத்தில் இல்லை. பிறப்பு இறப்புப் பதிவும் இல்லை. எரிந்தவற்றின் நகல்களை உலகெங்கிருந்தும் சேர்த்து 2022இல் மெய்நிகர் ஆவணக் கருவூலம் ஒன்றும் திறந்திருக்கிறார்கள். அதுவும் இலவசம்.

மிஞ்சியதை நான் பார்க்கும் வரிசை இது.

முதலில் கிரிஃபித் மதிப்பீடு. நிலவரி போடுவதற்காக ரிச்சர்ட் கிரிஃபித் என்பவர் தலைமையில் எடுத்தது. 1847 முதல் 1864 வரை அச்சானது. நம் அடங்கல் மாதிரி: நிலத்தை வைத்திருப்பவர், குத்தகைக்கு விட்டவர், பரப்பு, மதிப்பு. குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும். ஒரே டவுன்லேண்டில் இரண்டு ஜான் மர்ஃபி இருந்தால் பக்கத்தில் அடைப்புக்குள் அப்பா பெயரோ பட்டப்பெயரோ போட்டிருப்பார்கள். வரைபடத்தில் எண்ணும் எழுத்துமாக வீடுவரை காட்டும். 'ஆஸ்க் அபவுட் அயர்லாந்து' தளத்தில் இலவசம். அதற்கு முந்தைய தலைமுறைக்கு 1823 முதல் 1837 வரையிலான தசமபாக வரிப் புத்தகங்கள் உண்டு; தசமபாகம் என்பது அயர்லாந்து சபைக்குக் கட்டிய வரி.

இரண்டாவது, கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள். தேசிய நூலகம் இவற்றின் படங்களை 2015இல் இணையத்தில் போட்டது. பெரும்பாலும் 1880 வரை. நூலகத் தளத்தில் பெயர் போட்டுத் தேட முடியாது, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தின் பெயர் அட்டவணை குறுக்குவழி. ஆனால் அட்டவணையை நம்பி நிற்காமல் படத்தைத் திறந்து பாருங்கள். கறை படிந்த பக்கத்தை அட்டவணை போட்டவர் தவறாகப் படித்திருப்பார். ஞானஸ்நானப் பதிவில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் ஞானத்தந்தை, ஞானத்தாய் பெயர்களும் இருக்கும். நகரங்களில் 18ஆம் நூற்றாண்டிலேயே ஏடுகள் தொடங்குகின்றன. மேற்கே ஏழைப் பங்குகளில் பஞ்சத்துக்குப் பிறகுதான் தொடங்கிய இடங்களும் உண்டு.

மூன்றாவது, சிவில் பதிவு, அதாவது அரசின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு. கத்தோலிக்கர் அல்லாதார் திருமணங்கள் 1845 ஏப்ரல் முதல். எல்லோருடைய பிறப்பு, இறப்பு, திருமணமும் 1864 ஜனவரி முதல். ஐரிஷ்ஜீனியாலஜி என்ற அரசுத் தளத்தில் நூறாண்டு தாண்டிய பிறப்பு, எழுபத்தைந்து தாண்டிய திருமணம், ஐம்பது தாண்டிய இறப்பு ஆகியவற்றின் மூலப் பக்கங்களை இலவசமாகப் பார்க்கலாம். சில குழந்தைகள் பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றதுபோல் தேதிகள் இருக்கும். தாமதப் பதிவுக்கு அபராதம் என்பதால் குழந்தை பிறந்த தேதியை அப்பா தள்ளிச் சொல்லியிருப்பார். கோயில் தேதியை நம்புங்கள்.

கடைசியில் 1901, 1911 கணக்கெடுப்புகள். முழுசாக மிஞ்சியவை, தேசிய ஆவணக் காப்பகத்தில் இலவசம். உங்கள் ஆள் அதற்குள் போய்விட்டார்தான். ஆனால் ஊரிலேயே தங்கிய அண்ணன் அதே வீட்டில் இருக்கலாம். அந்த அண்ணன் 1901இல் 58 வயது, 1911இல் 72 என்றிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். 1909 ஜனவரியில் எழுபது வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது; தேசமே ஒரே இரவில் மூப்படைந்தது. பிறப்புப் பதிவு இல்லாதவர்கள் வயதை நிரூபிக்க 1841, 1851 கணக்கெடுப்பில் தங்கள் வீட்டைத் தேடச் சொல்லி மனுப் போட்டார்கள். ஏடுகள் எரிந்துவிட்டன, மனுக்கள் மிஞ்சின. எரிந்த ஏட்டின் சில வரிகள் அவற்றில் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

பெல்ஃபாஸ்ட் உள்ளிட்ட வடக்கின் ஆறு கவுண்டிகளுக்கு இன்று தனி ஆவணக் காப்பகமும் தனிப் பதிவு அலுவலகமும் உண்டு. பதிவு அலுவலகத் தளத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் காசு. ஆனால் 1921 வரையிலான பதிவுகள் மேலே சொன்ன ஐரிஷ்ஜீனியாலஜி தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் அங்கே பார்த்துவிடுங்கள்.

கப்பல் கடைசியில்

எல்லோருக்கும் கப்பல் பெயர்மீதுதான் ஆசை. அமெரிக்கத் துறைமுகங்களில் 1820 முதல் பட்டியல் உண்டு என்றாலும் பழைய பட்டியலில் "மேரி கெல்லி, 20, பணிப்பெண், அயர்லாந்து" என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. எந்த மேரி கெல்லி என்று எப்படிச் சொல்வீர்கள்? எலிஸ் தீவு 1892 ஜனவரி 1இல் திறந்தது. அதற்கு முன் 1855 முதல் 1890 வரை நியூயார்க்கில் குடியேறிகள் இறங்கிய இடம் காசில் கார்டன். 1907க்குப் பிந்தைய பட்டியல்களில் ஊரில் இருக்கும் நெருங்கிய உறவினர் பெயரும் வரும். அதற்கு முந்தியவருக்கு, ஊரும் குடும்பமும் தெரிந்த பிறகு கப்பலைத் தேடுங்கள்.

சிப்பாயாக மெட்ராஸுக்கு வந்தவர்

ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு வழி வேறு. கிழக்கிந்தியக் கம்பெனி அயர்லாந்தில் ஏராளமாக ஆள் எடுத்தது. மெட்ராஸ் ஐரோப்பியப் படைப்பிரிவாக இருந்தது கைமாறிக் கைமாறி 1881இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது என்பது பலருக்குத் தெரியாது. மெட்ராஸ் மாகாணத்துத் தேவாலயங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் ஆண்டுதோறும் லண்டனுக்குப் போயின. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களின் வரலாற்றைத் தேடும் ஃபிபிஸ் என்ற சங்கத்தின் தளத்தில் பெயர்களை இலவசமாகத் தேடலாம். ஆள் கம்பெனிச் சிப்பாயா, அரசிப் படையா (பிரிட்டிஷ் அரசின் நேரடிப் படை) என்று முதலில் முடிவு செய்யுங்கள். அரசிப் படை என்றால் ஓய்வு பெற்றவர்களின் பதிவுகள் லண்டனின் கியூவில் உள்ள பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உண்டு. அவற்றில் பிறந்த பங்கும் கவுண்டியும், உயரம், கண்ணின் நிறம்கூட எழுதியிருக்கும். நாடு விட்டுப் போன விவசாயியைவிடச் சிப்பாயைக் கண்டுபிடிப்பது எளிது.

இவர்தான் அவரா?

பெயரும் வயதும் ஒத்துப்போனால் ஆள் கிடைத்துவிட்டார் என்று குதிக்காதீர்கள். அப்பா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், ஒரு உடன்பிறப்பு, இடம்: நான்கில் குறைந்தது மூன்று பொருந்த வேண்டும். இணையத்தில் யாரோ போட்டு வைத்திருக்கும் குடும்ப மரத்தை அப்படியே எடுத்து ஒட்டவே ஒட்டாதீர்கள். ஒருவர் செய்த தவறை நாற்பது பேர் நகலெடுத்திருப்பார்கள்.

எங்கள் விஷயத்தில் கிளேர் என்று தெரிந்த பிறகு வேலை வேகமாக நடந்தது. கிளேர் கவுண்டி நூலகம் உள்ளூர்ப் பதிவுகளை இலவசமாக இணையத்தில் வைத்திருப்பது பெரிய உதவி. கிரிஃபித்தில் அப்பா பெயர் ஒரே ஒரு டவுன்லேண்டில் வந்தது. பங்குப் பதிவேட்டில் ஞானஸ்நானம் கிடைத்தது. அம்மா பெயர் சான்றிதழோடு பொருந்தியது. ஞானத்தாயின் குடும்பப் பெயர் எங்கேயோ பார்த்ததுபோல் இருக்கிறதே என்று மெல்போர்ன் திருமணச் சான்றிதழை மறுபடி எடுத்தோம். சாட்சியாக நின்றவளுக்கும் அதே குடும்பப் பெயர். கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. அவள் யார், யாரோடு எந்தக் கப்பலில் வந்தாள் என்று மருமகள் இப்போது தேடிக்கொண்டிருக்கிறாள்.